உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை

ஹலோ. ஆமாங்க, சொல்லுங்க. தொந்தரவா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, கம்முனுதான் உக்காந்திருக்கறேன். மணி அடிச்ச உடனே எடுத்துட்டேன் பாத்தீங்களா? பழக்கமுங்க. இந்நேரத்துக்குப் போனு அடிச்சா கை தானாப் போயிரும்.

ஆரு பேசறீங்க? நிலாவா? நல்ல பேருங்க. நான் சுலோச்சனா பேசறனுங்க. ஓ, நம்ம பள்ளிக்கூடத்துக்குப் போன்ல போடற ஆப்பு பண்ணிக் குடுத்தாங்கல்ல, அந்தக் கம்பெனியா? சரிங்க. இந்தப் பேச்சு பதிவாகுதா? ஆகட்டும், ஆகட்டும். எனக்கென்ன ஒளிவு மறைவு.

என்ற பிள்ளை எந்தக் கிளாஸா? அட, அவன் படிச்சு முடிச்சு, வேலைக்குப் போயி, கல்யாணமாகி, கனடாவுல இருக்கறானுங்க. அவனுக்கே ஒரு பொண்ணு, அஞ்சாவது படிக்கறா. என்னங்க? அஞ்சாம் வகுப்புன்னு எழுதிக்கிட்டீங்களா? அது என்ற பேத்திங்க. கனடாவுல படிக்கறா. சரி உடுங்க, எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும். கேட்டா சந்தோசப்படுவா.

ம், கேளுங்க. உங்க ஆப்புக்கு நான் எத்தன மார்க் போடுவேனா? ஒண்ணுலருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பரு சொல்லோணும். கொறச்சுப் போட்டா உங்காளுக திரும்பக் கூப்பிட்டு என்ன கொறைன்னு கேப்பாங்க. சரிங்க, வெளங்குது. நம்பரச் சொல்லிப்போட்டா? நன்றி சொல்லி வெச்சுருவீங்க. அப்படித்தானுங்களே?

அப்ப சித்தெ இருங்க. மார்க்குன்னா வாய்க்கு வந்ததச் சொல்லிற முடியுங்களா? ஆத்துல போட்டாலும் அளந்து போடோணும்பாங்க. என்ன ஏதுன்னு சொல்லிப்போட்டுத்தான் நான் நம்பரச் சொல்லுவேன். 'நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது'ங்கறீங்க. எவ்வளவு தன்மையாச் சொல்றீங்க! இந்தக் காலத்துல ஆருங்க இப்படிப் பேசறாங்க?

மொதல்ல ஒரு விசயங் கேக்கறேன். என்ற கொரலு எங்கயாச்சும் கேட்ட மாதிரி இருக்குதுங்களா? நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க.

இல்லையா. சரி. நீங்க எந்தூரோ என்னமோ. எங்க கோபி சுத்துவட்டாரத்துல ஆரக் கேட்டாலும் சொல்லுவாங்க. நான் டீச்சர் இல்லீங்க, ஆபீஸுல கிளார்க்கு. ஆனா ஊரே என்னய டீச்சர்னுதான் கூப்பிடும். வேண்டாம்னும் நான் சொன்னதில்ல. ஒரு கௌரவந்தானுங்களே.

அப்பெல்லாம் மொதப் பீரியடு முடியறதுக்குள்ள ஒவ்வொரு கிளாஸுலருந்தும் ஆப்சென்ட் சீட்டு ஆபீஸுக்கு வந்துரும். நான் ஒவ்வொரு ஊட்டுக்கும் போன் பண்ணுவேன். 'ஏனுங்க, புள்ள வரலீங்களே, ஒடம்புக்கு என்ன?' அவிய சொல்லுவாங்க. காச்சலு, தாத்தா காரியம், குலசாமி கும்புடப் போறம், பையனே வேண்டாம்னு படுத்துட்டான், இப்படி. எந்த ஊட்டுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாம இருக்காது. அப்பறம் கரஸ்பாண்டன்ட் பையன் வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தான். 'ஏனுங் ஆன்ட்டி, தெனமும் போனக் கட்டிட்டு அழுவறீங்க? ஒருக்காப் பேசிக் குடுத்துருங்க, மிச்சத்தக் கம்ப்யூட்டரு பாத்துக்கும்'னான்.

கெமிஸ்ட்ரி லேப்புல வெச்சுத்தான் பேசுனது. சன்னலெல்லாஞ் சாத்தி, ஃபேன நிறுத்தி, வேர்த்து ஒழுக ஒழுகப் பேசுனேன். ஒருக்கா நல்லா வந்தா மணி அடிச்சுருது. மறுக்கா நல்லா வந்தா ஸ்கூல் பஸ்ஸு ஹாரன் அடிக்குது. கடைசியா வந்தது இதானுங்க, கேளுங்க.

'வணக்கம். உங்கள் பிள்ளை இன்று... பள்ளிக்கு வரவில்லை. நன்றி. வணக்கம்.'

எப்படி? நடுவுல ஒரு சின்ன மூச்சு உட்டேன் பாருங்க, கவனிச்சீங்களா? அந்தப் பையன் அந்த மூச்ச எடுத்துரலாமான்னு கேட்டான். வேண்டாஞ்சாமி, இருக்கட்டும்னேன். காலங்காத்தால பெத்தவங்களுக்கு இப்படி ஒரு சேதியச் சொல்றம். பொட்டுனு போட்டு ஒடச்சா பதறிப்போயிருவாங்கல்ல? அந்த மூச்சுல தான் அவிய மனசத் தேத்திக்கோணும். அத ஒரு வேலையாவே நெனச்சுத்தான் நான் பண்ணுனேன்.

'நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது.' புரியுமுங்க, உங்களுக்குப் புரியும். நீங்களும் கொரல வெச்சுப் பொழைக்கறவங்கதானே? உன்னய 'நீ, வா'ன்னே பேசட்டுமா? கோவிச்சுக்காத கண்ணு. கொரலு சின்னப் புள்ளையாட்டம் இருக்குது.

அதுக்கப்பறம் பாத்துக்க, உழவர் சந்தைக்குப் போயி தக்காளி என்ன வெலைன்னு வாயத் தொறந்தாப் போதும், தராசுக்காரம்மா நிமுந்து பாக்கும். 'நீங்க வரவில்லை டீச்சர்தானுங்?' பஸ்ஸுல டிக்கெட் கேட்டா பின்னாடி சீட்டுலருந்து பசங்க ஆரம்பிச்சுருவானுக, 'உங்கள் பிள்ளை இன்று'ன்னு. அந்த மூச்சோட சேத்துச் சொல்லுவானுக. எகத்தாளந்தான். இருந்தாலும் எறங்கற வரைக்கும் எனக்குச் சிரிப்பாவே இருக்கும். எங்க ஊட்டுக்காரரு சொல்லுவாரு, 'ஊட்டுலதான் நீயே பேசற, இப்ப ஊர்ல இருக்கற போன்லயெல்லாமும் நீயேதானா?' அவரு நெம்பப் பேசமாட்டாரு. எப்பவாச்சும் அப்படி ஒரு சொல்லு.

ராக்கியண்ணன் கதையச் சொல்லாம மார்க்குச் சொன்னா சரியா வராது. வாழத்தாரு ஏத்தற டெம்போ ஓட்டறவரு. அவரு பையன் நம்ம பள்ளிக்கூடந்தான். ஒரு நா ஆபீஸுக்குள்ள செருப்போட வந்து நின்னுக்கிட்டு, 'அந்த டீச்சரம்மா ஆரு, கூப்பிடுங்க அவியள'ன்னு ஒரே சத்தம். என்னங்கண்ணா விசயம்னு கேட்டேன். என்ற கொரலக் கேட்டதும் அப்படியே திரும்புனாரு.

'நீங்கதானுங்களா? ஏனுங் டீச்சர், பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி, கன்னமெல்லாம் பூரியாட்டம் வீங்கிக் கெடக்குதுன்னு தெனமுஞ் சொல்றனே, காதுல வாங்குனீங்களா? சரிங்க டீச்சர், நாளைக்கு வந்துருவானுங்கன்னு நான் பாட்டுக்குச் சொல்லீட்டிருக்கறேன், நீங்க பாட்டுக்கு நன்றி வணக்கம்னு வெடுக்குனு வெச்சுப்போடறீங்க. புள்ளைக்கு எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்த கேக்கப்படாதுங்களா?'

ஆபீஸே சிரிச்சுது கண்ணு. கம்ப்யூட்டர் சாரு வயித்தப் புடிச்சுட்டு உக்காந்துட்டாரு. நானுந்தான் சிரிச்சேன், சிரிப்பு வராம என்ன பண்ணும்? செவிடன் காதுல ஊதுன சங்காட்டம் அந்த மனுசன் தெனமும் மெஷினுகிட்டப் பேசியிருக்கறாரு. இது பேசி வெச்சதுங்கண்ணா, நான் அங்க இருக்கமாட்டனுங்கன்னு சொன்னா நம்பவே மாட்டீங்கறாரு. கம்ப்யூட்டர் சாரு போட்டுக் காட்டுனாரு. ராக்கியண்ணன் குனிஞ்சு காத வெச்சாரு. அப்பறங் கேட்டாரு பாரு ஒரு கேள்வி. 'அப்ப நான் பேசுனதெல்லாம் எங்கீங்க போச்சு?'

அவரு போனதுக்கப்பறம் விசாரிச்சுப் பாத்தா, அவரு மட்டுமில்ல, தோட்டங் காட்டுக்குள்ள ஊடு இருக்கற சனம் பாதிப் பேரு இப்படித்தான் பேசியிருக்கறாங்க. ஒரு அம்மா தெனமும் 'சாப்பிட்டீங்களா டீச்சர்'னு கேட்டுருக்குது. என்னய.

இரு கண்ணு, இரு, வெச்சுறாத. காலிங் பெல்லு.

ஆருங்க? ஜெயமணியக்காவா? போன்ல இருக்கறனுங்க்கா! அப்பறமா வாங்க! இல்லீங்க்கா, முக்கியமான போனு! கிண்ணத்தத் திட்டு மேல வெச்சுப்போட்டுப் போங்க, நான் எடுத்துக்கறேன்!

இருக்கறயா கண்ணு? நல்லவேள. எதுத்த ஊட்டு அக்கா. தெனமும் இந்நேரத்துக்கு எதையாச்சும் கிண்ணத்துல ஊத்திட்டு வந்துரும். குடுத்தமா போனமான்னு இருக்காது. மருமவ கத, மூட்டுவலிக் கத, ரேசன் கடையில நின்ன கதன்னு உக்காந்துக்கும். நம்மளப் பேசவே உடாது. வளவளன்னு பேசறவங்களக் கண்டா எனக்கு ஆகறதில்ல. அதான் இப்படியே தாட்டி உட்டுருவேன்.

எங்க உட்டேன்? ஆ, என்ற நம்பரு. என்ற நம்பரு உங்க லிஸ்ட்டுல எப்படி வந்துதுன்னு நீ கேக்கவே இல்லியே? கூப்பாடு ஒழுங்காப் போகுதான்னு தெரியோணுமல்லோ, அதுக்காக லிஸ்ட்டுல மொத நம்பரா என்ற நம்பரத்தான் போட்டு வெச்சிருந்தாங்க. ஆரு ஊட்டுப் புள்ள வராட்டியும் மொதல்ல என்ற போனு அடிக்கும். எடுத்துக் கேட்டுப்போட்டு, சரியா இருக்குதுங் சார்னு சொல்லோணும். அதும் என்ற வேலைதான்.

நான் ரிட்டையரானதுக்கப்பறமும் அத ஆரும் எடுக்கல. மாலயப் போட்டு, பாத்திரங் குடுத்து, வேன்ல கொண்டாந்து ஊட்டுல உட்டுட்டுப் போயிட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு அதுக்கு மிந்தின வருசமே போயிச் சேந்துட்டாரு. மறுநாளு காத்தால என்ன பண்றதுன்னே தெரியல. கூட்டுனேன், தொடச்சேன், ஒரு ஆளுக்கு என்னத்த ஆக்கறதுன்னு பாத்துட்டு நின்னேன். அப்பப் போனு அடிச்சுது. எடுத்தா, நான்.

'உங்கள் பிள்ளை இன்று... பள்ளிக்கு வரவில்லை.'

என்ற பையன் வரலீங்கறது எனக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் ஆரோ ஒருத்தரு கேட்டுச் சொன்ன மாதிரி இருந்துது. அன்னிக்கு, சும்மா எகத்தாளத்துக்குத்தான், ராக்கியண்ணனாட்டமே 'சரிங்க டீச்சர், நாளைக்கு வந்துருவானுங்க'ன்னு சொல்லிப்போட்டு வெச்சேன். எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அப்பறம் தெனமும் அதே. அதச் சொல்லி வெச்சாத்தான் அடுப்பப் பத்த வெக்கவே தோணும். ஞாயித்துக்கிழம வராது. மே மாசத்துலயும் வராது. மே மாசம் நெம்பக் கஷ்டம் கண்ணு.

பையனா? நவநீதனா? அவனையெல்லாங் கொற சொல்ல முடியாது. தங்கமான பையன். ஞாயித்துக்கிழமயான வீடியோ கால்ல வருவான். போன அடுப்படியில சாத்தி வெச்சுட்டுச் சமைப்பான், காதுல என்னமோ மாட்டியிருப்பான், பாதி நேரம் ஆபீஸுக்காரங்ககிட்டப் பேசுவான். எனக்கு அவங்க ஊட்டுக் கூரதான் தெரியும். நல்ல கூர, வெள்ள வெளேர்னு. இப்பக் கொஞ்ச நாளா அதும் ஆடிக்கொருக்கா அமாவாசைக்கொருக்கான்னு ஆயிப்போச்சு. வேல அப்படி. 'அம்மா, நீ வாய்ஸ் மெசேஜாப் போட்டு உடு, நான் ஃப்ரீயா இருக்கறப்பக் கேட்டுக்கறேன்'னு சொல்லியிருக்கறான். தெனமும் போடுவேன். இன்னிக்கு என்ன சாப்பிட்டேன், ஆரு செத்தாங்க, மழ வந்துதா, எல்லாஞ் சொல்லுவேன்.

பேத்தி ஒருக்கா வீடியோவுல வந்தப்ப, 'ஆத்தா, அப்பா உங்க மெசேஜ எப்படிக் கேப்பாரு தெரியுமா'ன்னு போட்டுக் காட்டுனா. ஸ்பீடக் கூட்டி வெச்சுக் கேக்கறானாமா. நேரம் மிச்சமாகுமில்ல? என்ற கொரலு எலி கத்தறாப்பல கீச்சுக் கீச்சுனு ஓடுது. பேத்தி உளுந்து உளுந்து சிரிச்சா. நானுஞ் சிரிச்சேன். மூச்சு உடற எடமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. பரவால்ல, பாவம், கேக்கறானில்ல. அது போதும்.

பொழுது சாஞ்சா டீவி இருக்குது. அவந்தான் ஆன்லைன்ல வாங்கித் தாட்டி உட்டான். ரிமோட்டுகிட்டப் பேசுனாப் போதும், தானாப் போடுமாமா. 'பழைய பாட்டுப் போடு சாமி'ன்னா, மறுக்காச் சொல்லுங்கங்குது. என்ற கொரலு வெளங்கலியாமா அதுக்கு. ஊரெல்லாம் கேட்ட கொரலு! அதுக்கு ஒரு ரிமோட்டு, கேபிளுக்கு ஒரு ரிமோட்டு, ஆக ரெண்டு...

என்ன கண்ணு? ரெண்டுன்னு பதிஞ்சுக்கிட்டயா? அய்யய்யோ, இல்ல, இல்ல! அது ரிமோட்டுக் கணக்கு. மார்க்கு இல்ல. அழி, அழி. வெச்சுறாத. இன்னுஞ் சொல்லி முடிக்கல நான். அழிச்சுட்டயா? அப்பாடா. இனி நம்பரே என்ற வாயில வராது, பாரு.

இப்பத்தான் உன்ற ஆப்புக்கே வர்றேன். போன ஜூன்ல பள்ளிக்கூடந் தொறந்த அன்னிக்கு, போன மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். மே மாசமெல்லாம் பொறுத்தாச்சு. அடிக்கற நேரம் ஆச்சு, அடிக்கல. மொத நாளு, எல்லாப் புள்ளைகளும் வந்திருக்குமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். அடுத்த நாளும் அடிக்கல. போனு கெட்டுப்போச்சோன்னு எதுத்த ஊட்டு அக்காவக் கூப்பிடச் சொன்னேன். நல்லாத்தான் அடிக்குது. அந்த வாரம் பூரா அடிக்கல கண்ணு.

நல்ல சீலையாக் கட்டிட்டு நேராப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டேன். என்ற சீட்டுல பவதாரிணின்னு ஒரு சின்னப் புள்ள. மரியாதையாத்தான் எந்திரிச்சா. 'வாய்ஸ் காலெல்லாம் எடுத்தாச்சுங்க மேடம், இப்ப ஆப்புங்க. உங்க போன்லயும் போட்டுத் தர்றேன் குடுங்க'ன்னா. என்ற கொரலு எங்க கண்ணுன்னு கேட்டேன். 'பழைய சிஸ்டத்தோட போயிருச்சுங்க மேடம்'னா. எங்க போச்சுன்னா அவளுக்குத் தெரியல.

போட்டுக் குடுத்தா, இல்லீங்கல. ஊட்டுக்கு வந்து தொறந்து பாத்தேன். 'உங்கள் கணக்கில் பிள்ளைகள் யாரும் இணைக்கப்படவில்லை.' இதான் வருது. எப்பத் தொறந்தாலும் இதே. அதுல கொரலுங் கெடையாது, மூச்சுங் கெடையாது. எழுத்தாப் போட்டா மனுசன் எப்படித் தாங்குவான்?

எனக்காக நான் கேக்கல. அதத் தெளிவா எழுதிக்க. படிக்கத் தெரியாத சனத்துக்காகத்தான் கேட்டேன். கரஸ்பாண்டன்டுகிட்டயும் அதத்தான் சொன்னேன். காப்பி குடுத்தாரு. 'அதெல்லாம் நாங்க பாத்துக்கறம், நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா'ன்னாரு. ரெஸ்ட்டு! அதத்தான கண்ணு விடிஞ்சாப் பொழுது போனா பண்ணீட்டிருக்கறேன்!

சரி, சாட்சிக்கு ஒரு ஆளக் கூட்டிட்டு வர்றேன்னு வாழக்கா மண்டிக்கே போயி ராக்கியண்ணனப் புடிச்சேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவரு வந்து ஒரு சத்தம் போட்டாருன்னா கரஸ்பாண்டன்ட் கேப்பாரு. ஏனுங்கண்ணா, இந்த ஆப்பு உங்களுக்கு வெளங்குதுங்களான்னேன். மனுசன் போன எடுத்துக் காட்டறாரு. 'நெம்பத் தேவலைங் டீச்சர். பையன் போகலீன்னா செவப்புல காட்டுது. இதோ, இத அமுக்கிட்டுப் பேசுனம்னா நம்ம பேசறது கிளாஸ் டீச்சருக்குப் போயிருதுங்க. அவியளும் பதில் பேசறாங்க. போன வாரம் பையனுக்குக் காச்சல்னேன், இப்ப எப்படிங்க இருக்குதுன்னு ரெண்டு...' வேண்டாம், அந்த நம்பரு வேண்டாம், பல தடவ கேட்டாங்களாமா. 'அப்பெல்லாம் நீங்க பதிலே பேசமாட்டீங்கல்லோ'ன்னு சிரிக்கறாரு.

பொக்குனு போச்சு கண்ணு எனக்கு. அவரு சொன்னதுல தப்பு என்ன இருக்குது? ஒண்ணுமில்ல. இருந்தாலும் கெளம்பறேன்னு திரும்புனேன். 'பையன் ஊருக்கு வந்துட்டுப் போனானுங்களா டீச்சர்?'னாரு. மண்டியில அத்தன சத்தத்துலயும் அத மட்டும் நெனப்பு வெச்சுக் கேட்டாரு பாரு. வருவானுங்கன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்.

என்ன கண்ணு, மறுபடியும் மார்க்கா? 'நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. உங்கள் மதிப்பெண்ணைக் கூறவும்.' கூறறேன், கூறறேன்.

அதுக்கு மிந்தி ஒரு விசயம். நீ ஆருன்னு எனக்குத் தெரியும். எடுத்ததும் தெரியல. என்ற பேத்தி கிளாஸ எழுதிக்கிட்டப்பச் சந்தேகம் வந்துது. இத்தன நேரமாப் பேசறம், நீ ஒருக்கா இருமல, எச்சி முழுங்கல, உனக்குப் பின்னால ஒரு ஃபேன் சத்தம் இல்ல. புரிகிறது புரிகிறதுங்கறயே, ஒருக்காக்கூட மூச்சு உடாமச் சொல்ற. கெமிஸ்ட்ரி லேப்புல வேர்த்து ஊத்தப் பேசிக் குடுத்தவ நான். பேசி வெச்ச கொரலு எது, பேசற கொரலு எதுன்னு எனக்குத் தெரியாதா கண்ணு?

தெரிஞ்சுந்தான் பேசுனேன். ஏன்னு கேளேன். நீ கேக்கமாட்ட. நானே சொல்றேன். ஊடு வெறிச்சுனு கெடக்குது. காத்தாலருந்து பொழுது உளுகற வரைக்கும் என்ற கொரலே எனக்குக் கேக்கறதில்ல. சொல்றதுக்கு அத்தன இருக்குது, எறக்கி வெக்க எடமில்ல. நீயாச்சும் பரவால்ல. ராக்கியண்ணன் சொல்லி முடிக்கறதுக்குள்ள நன்றி வணக்கம்னு வெச்சவ நான். நீ இவ்வளவு நேரமும் வெக்காம இருக்கறயே, அதச் சொல்லோணும். என்ற பேச்ச ஸ்பீடக் கூட்டாமக் கேட்ட ஒரே ஆளு நீதான்.

நான் பேசுனதெல்லாம் எங்க கண்ணு போகும்? பதிவாகுதுன்னல்லோ? அப்ப எங்கயோ இருக்கும். எங்கன்னு தெரியாட்டிப் போகுது.

சரி, மார்க்கு. ஆப்ப நான் கொற சொல்லல. ராக்கியண்ணன் மாதிரி சனத்துக்கு நல்லதுதான் பண்ணியிருக்கறீங்க. நியாயமாப் பாத்தா நெறையத்தான் போடோணும். ஆனா கொறச்சுப் போட்டா திரும்பக் கூப்பிடுவாங்கன்னயே, அது நெசந்தானா? மனுசங்க கூப்பிடுவாங்களா, நீயேவா? ஆரா இருந்தாலுஞ் சரி. இந்நேரத்துக்கே கூப்பிடச் சொல்லு. நான் ஊட்டுலதான் இருப்பேன். எங்கயும் போகமாட்டேன். மணி அடிச்ச உடனே எடுத்துருவேன்.

போட்டுக்க கண்ணு. ஒண்ணு.

ஹலோ?

கண்ணு? பதிஞ்சுக்கிட்டயா? ஹலோ?

வெச்சுருச்சு.

சரிங்க டீச்சர். நாளைக்கு வந்துருவானுங்க.